இவ்வளவு பெரிய துறைமுகம் இருந்தும் திருகோணமலை ஏன் மாநகரம் ஆகவில்லை?

சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் ஊரில் இயற்கையான துறைமுகமே கிடையாது, நீளமான மணல்கரை மட்டும்தான். ஆனாலும் அது ஒரு மாநிலத்தின் தலைநகரம், கோடிப் பேர் வாழும் நகரம். உங்கள் திருகோணமலையும் ஒரு மாகாணத்தின் தலைநகரம்தான், துறைமுகமும் உலகப் பிரசித்தம். பிறகு ஏன் அது நடுத்தர ஊராகவே நின்றுவிட்டது? ஊரின் வரலாறு, பண்பாடு, பிழைப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்."

இங்கே பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கும் இது நெடுநாள் மனதில் கிடக்கும் கேள்விதான். நான் கண்ட பதில் இது: ஒரு நகரத்தைத் துறைமுகம் மட்டும் வளர்த்துவிடாது. துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள நிலமும், அங்கே விளைகிற, நெய்கிற சரக்கும், அதை வாங்கி விற்கிற சனமும் சேர்ந்துதான் வளர்க்கும். திருமலைக்கு (எங்கள் ஊரை நாங்கள் சுருக்கிச் சொல்வது அப்படித்தான்) வந்த வல்லரசுகளில் ஒன்றுகூட அந்த நிலத்தையும் சனத்தையும் நினைத்து வரவில்லை. இந்தத் துறைமுகம் இன்னொருத்தன் கைக்குப் போய்விடக் கூடாது, அதுதான் அவர்களுடைய கவலை. நானூறு வருடக் கதை முழுக்க இதுதான் ஓடுகிறது.

இரண்டு ஊரையும் ஒப்பிட 1639 என்ற ஆண்டு வசதியானது. அந்த ஆண்டு ஓகஸ்டில்தான் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலக் கம்பனிக்காரர் மதராசப்பட்டினத்துக் கரையில் நிலம் பெற்றார். அதே ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு செய்த உடன்படிக்கையின்படி, திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். டே அந்த மணல்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குத் துறைமுகம் காரணமில்லை. அக்கம்பக்கத்தில் துணி மலிவாகக் கிடைத்தது. கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைக் கிழித்துக்கொண்டு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்கின. சரக்கு நனையும், சில நேரம் ஆளும் போவார். அப்படியும் வியாபாரம் நடந்தது, ஏனென்றால் வியாபாரத்துக்குச் சரக்கு இருந்தது. நெசவாளர் வந்து குடியேறினார்கள், இரு மொழி தெரிந்த இடைத்தரகர்களான துபாஷிகள் வந்தார்கள், ஊர் பெருத்தது. கப்பல் அணையும் இரும்புப் பாலம் 1861இல்தான் வந்தது. 1870களின் நடுவில் தொடங்கிய செயற்கைத் துறைமுகத்தை 1881இல் ஒரு புயல் அடித்து நொறுக்கியது, திரும்பக் கட்டினார்கள். ஆக, சென்னையில் ஊர் முதலில் வந்தது, துறைமுகம் ஏறக்குறைய இருநூற்றைம்பது வருடம் கழித்து வந்தது.

இங்கே எல்லாம் தலைகீழ். கொட்டியாரக் குடா என்ற பெரிய குடா கிழக்கே திறந்து கிடக்கிறது. அதன் வடமேற்கு மூலையில் ஒரு குறுகலான வாய், அதற்குள்ளே உட்துறைமுகம். சுற்றிலும் மேடான நிலம், காடு, சின்னச் சின்னத் தீவுகள். நீர்ப்பரப்பு ஏறக்குறைய 1,630 ஹெக்டேர். கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு வெளிக்கடலிலிருந்து குடாவுக்குள்ளேயே ஏறி வருவதால், கரைக்குக் கிட்டேயே ஆழம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்தாலும் சரி, வாடை அடித்தாலும் சரி, உள்ளே நிற்கிற கப்பலுக்கு ஒன்றும் ஆகாது.

இதன் அருமையை முதலில் உணர்ந்தவர்கள் உங்கள் கரையில் இருந்தவர்கள்தான். ஒக்டோபர் பிறந்தால் சோழமண்டலக் கரையில் கப்பல் நிறுத்த முடியாது. 1746 செப்டெம்பரில் லா பூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி சென்னையைப் பிடித்தார். அடுத்த மாதமே வந்த புயல் அவருடைய கப்பல்களைச் சென்னைக்கு முன்னாலேயே சிதைத்துவிட்டது. அதற்கும் முன்னே, 1659 நவம்பரில், மசூலிப்பட்டினத்துக்கு அருகே நின்ற ஓர் ஆங்கிலக் கப்பலின் பாய்மரம் புயலில் போயிற்று. புதுப் பாய்மரம் பூட்டிக்கொண்டு, கொஞ்சம் துணியும் விற்று வரலாம் என்று அதைக் கொட்டியாரத்துக்கு அனுப்பினார்கள். அதில் வந்தவர்தான் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது வருடம் மலைநாட்டில் கைதியாக இருந்து தப்பியவர்.

தரங்கம்பாடிக் கதையும் இங்கேயிருந்துதான் தொடங்குகிறது என்பது தமிழ்நாட்டில் அதிகம் பேருக்குத் தெரியாது. டென்மார்க்காரர் 1620இல் கப்பல் ஓட்டி வந்தது கண்டி அரசனை நம்பி, திருகோணமலையில் கால் ஊன்றலாம் என்ற எண்ணத்தில். அது கைகூடவில்லை. அதே ஆண்டு தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றார்கள். அவர்கள் வந்து போன பதற்றத்தில் போர்த்துக்கேயர் முந்திக்கொண்டு இங்கே கோட்டை கட்டினார்கள். கட்டுவதற்குக் கல் எங்கே கிடைத்தது? இந்த ஊரின் கடலோரக் குன்றான சுவாமி மலையில் நின்ற கோணேசர் என்ற சிவன் கோயிலை 1620களில் இடித்து, அந்தக் கல்லில் கட்டினார்கள்.

அந்தக் கோட்டையைத்தான் இன்று பிரடெரிக் கோட்டை என்கிறோம். வாசலில் நுழையும்போது கொஞ்சம் நின்று பக்கச் சுவரைப் பாருங்கள். பாண்டியரின் இணைக்கயல் செதுக்கிய கல் சுவரோடு சுவராக வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. கூடவே சிதைந்த தமிழ் எழுத்துகள். அந்த எழுத்துகள், பழங்கதை அரசன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிடிப்பான் என்று வரும் பழம்பாட்டின் மிச்சம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கோயில் கல்லைக் கோட்டைச் சுவரில் தொட்டுப் பார்க்கும்போது எந்த வரலாற்றுப் பாடமும் தராத ஒரு வலி வருகிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை என்னால் எழுத முடியாது.

அதற்குப் பிறகு நடந்தது கை மாறுகிற கதை. ஒல்லாந்தர் பிடித்தார்கள், கண்டியிடம் போனது, ஒல்லாந்தர் திரும்பினார்கள், 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்து பார்த்து விரட்டப்பட்டார்கள். எல்லாவற்றிலும் விறுவிறுப்பான ஆண்டு 1782. ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டைகளைப் பிடித்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அவர்களிடமிருந்து பிடித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி குடாவுக்கு வெளியே அவருக்கும் ஆங்கிலத் தளபதி ஹியூஸுக்கும் கடற்போர் நடந்தது. யாருக்கும் தெளிவான வெற்றியில்லை. ஆனால் மாரி வந்ததும் ஹியூஸின் கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை, பம்பாய் வரை சுற்றிப் போக வேண்டியதாயிற்று. இங்கிலாந்துக்கு அந்தப் பாடம் மறக்கவில்லை. 1795 ஓகஸ்டில் வந்தார்கள், கோட்டை விழுந்தது, பிறகு 162 வருடம் போகவேயில்லை.

சரி, இவ்வளவு காலம் இருந்த ஆங்கிலேயர் ஏன் இதைப் பெரிய வணிகத் துறைமுகமாக்கவில்லை? இங்கேதான் உங்கள் கேள்வியின் நடு நரம்பு இருக்கிறது. இலங்கையில் காசு விளைந்த இடம் மத்திய மலைநாடு. முதலில் கோப்பி, பிறகு தேயிலை. அங்கேயிருந்து இறங்கினால் கொழும்புதான் கிட்டே. 1867இல் கொழும்பு–கண்டி ரயில் பாதை முடிந்தது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள், பத்து வருடத்தில் கட்டி முடித்தார்கள். கொழும்பும் இயற்கையில் நல்ல துறைமுகமில்லை, சென்னையைப் போலக் காசு கொட்டிச் செய்த துறைமுகம். திருகோணமலைக்கோ ரயில் 1920களின் பிற்பாதியில்தான் வந்து சேர்ந்தது. அது வந்தபோது ஏற்றுமதி, வங்கி, கம்பனி எல்லாம் கொழும்பில் வேரோடிவிட்டன. நமக்குப் பின்னால் அப்போது இருந்தது உலர்வலயக் காடு, தூர்ந்த குளங்கள், மலேரியாக் காய்ச்சல். கடற்படைக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஊர் சிறிதாக இருப்பது பாதுகாப்புக்கு நல்லதுதானே.

ஆகவே இது கடற்படை ஊரானது. டொக்யார்ட் என்ற கப்பற் பட்டறை, பண்டகசாலை, கடற்படைத் தளபதியின் மாளிகை. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின் கீழைக் கடற்படைக்குத் தலைமை தாங்கியபடி 1852இல் பர்மாவில் இறந்தார். அவருடைய கல்லறை இங்கேதான் இருக்கிறது. இந்த ஊரின் பெயர் வைத்து 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய போர்க்கப்பல் ஒன்று இன்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் பத்திரமாக நிற்கிறது. ஊருக்கு இதனால் கிடைத்தது என்ன? டொக்யார்ட் வேலை, அதைச் சுற்றிய கடைகண்ணி, எழுதுவினைஞர் உத்தியோகம். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தின் மிகப் பெரிய மிச்சம் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியர் காட்டுக்குள்ளே கட்டிய இரும்புத் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கனமீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றைக்கே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். தாங்கிகளில் ஒன்று அந்தத் தாக்குதலில் எரிந்து போனது. இன்று 99 மிச்சம். பல தாங்கிகளைச் சுற்றி மரங்கள் ஓங்கி நிற்கின்றன, தூரத்திலிருந்து பார்த்தால் கூரை மட்டும் தெரியும்.

1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்தார்கள். தளம் ஒப்படைத்ததோடு அதை நம்பியிருந்த உத்தியோகங்களும் போயின, ஊர் ஒரு தலைமுறை தடுமாறியது. ஆனால் "மற்றவனுக்குப் போகக் கூடாது" என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. 1987 ஜூலை 29ஆம் திகதி கைச்சாத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதங்களைப் படித்துப் பாருங்கள். இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டுக்கும் திருகோணமலையை இராணுவப் பயன்பாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்றும், எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் சேர்ந்து சீரமைப்பது என்றும் அதில் இருக்கிறது. அந்தத் தாங்கிகளுக்கு முழுதாக ஒரு முடிவு வர 2022 ஜனவரி ஆயிற்று: 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. முப்பத்தைந்து வருடம் இழுபட்டது, பெரும்பாலான தாங்கிகள் துருப்பிடித்தபடியே கிடந்தன. ஒரு துறைமுகத்தைக் காவல் காப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் உள்ள தூரம் இவ்வளவு.

இதுவரை சொன்னது கப்பலில் வந்தவர்களின் கதை. கரையில் இருந்தவர்களின் கதை இதைவிடப் பழையது, எனக்கு இதைவிட நெருக்கமானது.

கோணேசர் கோயிலைத் திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பாடியிருக்கிறார். இலங்கையில் தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள் இரண்டுதான், மற்றது மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரம். சோழர் காலத்தில் இந்தப் பகுதி எப்படி இருந்தது என்பதற்கு நிலாவெளி, மானாங்கேணி, கந்தளாய்க் கல்வெட்டுகள் சாட்சி. எனக்கு மிகவும் பிடித்தது பெரியகுளத்துக்கு அருகே உள்ள வெல்கம் விகாரை. அது ஒரு பௌத்தப் பள்ளி. இராஜராஜப் பெரும்பள்ளி என்று அதற்குப் பெயரிட்டு, தமிழ்க் கல்வெட்டுகளில் விளக்கும் பசுவும் கொடையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் தமிழர். சைவ அரசன் பெயரில் பௌத்தப் பள்ளி, அதற்குத் தமிழில் தானம். இன்றைக்கு ஒவ்வொரு பழைய கல்லும் யாருடையது என்று சண்டை பிடிக்கிற எல்லோரும் ஒரு தடவை அங்கே போய்ப் படிக்க வேண்டும்.

குளமும் கோயிலும் இங்கே ஒன்றோடொன்று பின்னியவை. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டியதாகத்தான் நம் மரபு சொல்லும். தம்பலகாமத்து வயல்களின் நெல் கோணேசருக்கு. மலைக் கோயில் இடிபட்ட பிறகு வழிபாடு தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலில் தொடர்ந்தது. 1950இல் நகரத்தில் கிணறு தோண்டியபோது புதைத்து வைத்திருந்த வெண்கலத் திருமேனிகள் வெளிவந்தன. இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து யாரோ மண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியவை. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலைக்கு அடியில் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். 1963இல் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். இடிபட்டு முன்னூற்று நாற்பது வருடம் கழித்து.

சிவராத்திரி கழிந்ததும் கோணேசர் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருவார். அந்த நாட்களில் ஊரைப் பார்க்க வேண்டும். வீதிக்கு வீதி வளைவு, மாவிலை, வாழை. படலைக்கு முன்னால் ஒரு மேசை போட்டு வெள்ளை விரித்து, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, சுவாமி எங்கள் ஒழுங்கைக்கு எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். நடுச்சாமம் ஆனாலும் சின்னப் பிள்ளைகள் தூங்காமல் காத்திருக்கும். வெளிநாட்டில் இருந்து அந்த ஒரு வாரத்துக்காகவே லீவு எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டோடு எழுத்து வழி உறவும் உண்டு. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அறியப்படும் கதையை 1895இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை பார்த்தவர். விபுலாநந்த அடிகள் 1920களில் இங்கே பாடசாலைகளை நடத்தினார். அந்தப் பள்ளிகள்தான் டொக்யார்ட்டை நம்பாத ஒரு படித்த தலைமுறையைத் தந்தன.

இந்தப் பண்பாட்டைச் சைவத் தமிழரோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். கிண்ணியாவும் மூதூரும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள். மாவட்டத்தில் பத்துப் பேரில் நாலு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், மீதி பெரும்பாலும் சிங்களவர் என்பது 2012 குடிசனக் கணக்கின் கிட்டத்தட்ட நிலை. எவருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கந்தளாய், அல்லை நீர்ப்பாசனத் திட்டங்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்த குடியேற்றம் இந்த விகிதத்தைப் பெரிதாக மாற்றியது. தமிழர் அரசியலில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அரசியல் எதுவானாலும் சந்தைக்குப் போனால் மூன்று பேரும் ஒருவரிடம் ஒருவர்தான் வாங்கியாக வேண்டும்: கிண்ணியா மீன், மூதூர்ப் பக்கத்துச் சட்டித் தயிர், கந்தளாய் அரிசி, தம்பலகாமத்து நெல்.

பிழைப்புக்கு வருகிறேன். கடல் முதலில். நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் கடல் தணிந்திருக்கும் மாதங்களில் விடியற்காலை போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். தோணியில் போய் வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறும் கரைக்கு வரும். முனைக்குப் பத்துப் பதினைந்து பேர், கயிற்றை இடுப்பில் கொடுத்து, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடப்பார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டிவிட்டு முன்னுக்கு ஓடிப் போய்த் திரும்பப் பிடிப்பார். இரண்டு முனையும் மெல்ல மெல்லக் கிட்டே வரும். வலையின் மடி கரையேறும்போது தெரியும் அன்றைய பாடு: சூடையா, கீரியா, நெத்தலியா, அல்லது வெறும் சொறியும் (ஜெல்லி மீன்) பாசியுமா. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. வியாபாரி அங்கேயே மோட்டார் சைக்கிளில் பெட்டியோடு நிற்பார், விலை அவர் வாயில்தான். ஐஸ் இல்லாதவன் பத்து மணிக்கு முன் கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று மீன் பிடிக்கிறவனுக்குக் குளிர்களஞ்சியம் இல்லை என்பது எனக்கு எண்ணெய்த் தாங்கியைவிடப் பெரிய விஷயம். சுருக்குவலையும் வெடியும் போட்டு அள்ளுகிறவர்கள் இருப்பதால் கரையோரத்து மீனும் குறைந்து வருகிறது.

அடுத்தது நெல். மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. அதன் வண்டல் படிந்த மூதூர், சேருவில, தம்பலகாமம் நிலங்கள் இரண்டு போகமும் விளையும், தண்ணீர் வந்தால். தண்ணீரே இங்கே உயிரும் சாவும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகை மூடியதில்தான் கடைசிக் கட்டப் போர் வெடித்தது.

தொழிற்சாலை என்றால் சீனன்குடாப் பக்கம் போங்கள். 1980இலிருந்து இயங்கும் பிறீமா மா ஆலை, அப்புறம் டோக்கியோ சீமெந்து. கோதுமைக் கப்பல் நேராக ஆலைக்குக் கிட்டே வந்து அணைய முடிவது இந்த ஆழத்தால்தான். நாடு முழுக்கப் பாண் சுடுகிற மாவில் பெரும்பகுதி எங்கள் குடாவில் இறங்கும் கோதுமை. வடக்கே புல்மோட்டையில் இல்மனைட், ருட்டைல், சேர்கோன் கலந்த கனிய மணல் அரை நூற்றாண்டுக்கு மேலாக அகழப்படுகிறது. பிரித்தெடுத்ததை அப்படியே கப்பலில் ஏற்றி விடுகிறோம். அதை மூலப்பொருளாக வைத்து இங்கேயே ஒரு வெள்ளை நிறமித் தொழிற்சாலை நடத்த முடியாதா என்று என் அப்பா காலத்திலிருந்து கேட்கிறார்கள். கந்தளாய்ச் சீனி ஆலை மூடி வெகு காலமாகிறது.

சுற்றுலா போர் முடிந்த பிறகுதான் உயிர் பெற்றது. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகள், 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவின் பவளப்பாறை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள். கடலடிப் பள்ளத்தாக்கால் நீலத் திமிங்கிலம்கூட கரைக்கு அதிக தூரமில்லாமல் வரும். வருமானம் மே முதல் செப்டெம்பர் வரைதான், மாரி தொடங்கினால் விடுதிகள் வெறிச்சோடும். விடுதி முதலாளிகளில் வெளியூரார் அதிகம், ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள்.

போரை ஒரு வரியில் கடந்து போக மனம் வரவில்லை. 1983இலும் அதன் பிறகும் ஊர் பல தடவை எரிந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர்க் கரைகளைத் துடைத்துப் போனது. ஒரு வருடம் கழித்து, 2006 ஜனவரி 2ஆம் திகதி, கடற்கரையில் பேசிக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் பதினேழு உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். சம்பூர் மக்கள் அந்த ஆண்டு இடம்பெயர்ந்து, திரும்பிப் போய்க் குடியிருக்கப் பத்து வருடம் காத்திருந்தார்கள். அவர்களின் நிலத்தை அனல்மின் நிலையத்துக்கு ஒதுக்கினார்கள், அது 2016இல் கைவிடப்பட்டது, 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதே நாளில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன.

தலைநகரம் என்ற பட்டமும் போர் வழியாக வந்ததுதான். 1988இல் இணைந்த வடக்கு கிழக்கு மாகாணத்துக்குத் திருமலை தலைநகரமானது. 2006இல் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது, 2007இலிருந்து கிழக்கு மாகாணத்துக்கு மட்டும் தலைநகரம். செயலகங்கள் வந்தன, அதிகாரிகள் வந்தார்கள், வாடகை ஏறியது. ஆனால் துறைமுகமும் தாங்கிகளும் கனிய மணலும் கொழும்பு அமைச்சுகளின் கையில். சென்னை தன் மாநிலத்தின் வரியையும் திட்டத்தையும் தானே பேசித் தீர்மானிக்கிற அளவில் பாதிகூட இங்கே கிடையாது. உங்கள் ஒப்பீட்டில் இந்த வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, அப்போது நாட்டிலேயே நீளமானது, 396 மீற்றர். 2011 அளவில் மூதூர்–வெருகல் பாதையின் பாலங்களும் முடிந்து மட்டக்களப்புக்குப் படகுப் பாதைக்குக் காத்திராமல் போக முடிந்தது. மூதூர்த் தாய் ஒருத்தி பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வரும் நேரம் குறைந்ததுதான் என் கணக்கில் இந்த ஊரின் மிகப் பெரிய முன்னேற்றம். ஆனால் 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாததால் படகில் போன பள்ளிப் பிள்ளைகள் கவிழ்ந்து இறந்தார்கள். இரண்டும் ஒரே குடாவின் கரையில்.

ஆகவே, எரிசக்தி மையம் வரட்டும், கப்பல் வரட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தம் எழுதும்போது மூன்று விஷயம் அதில் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்: ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கி வேலை கொடுக்கும் கட்டாயம், மீனவருக்கு இறங்குதுறையும் ஐஸ் ஆலையும், மாகாணத்துக்கு வருமானத்தில் ஒரு பங்கு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இங்கேயே இருக்கிறது. துறைமுகப் பொறியியலும் கடல்சார் படிப்பும் இந்த ஊரில் படிப்பிக்காவிட்டால் எங்கே படிப்பிப்பது?

நேரில் வர நினைத்தால் மார்ச் முதல் செப்டெம்பருக்குள் வாருங்கள். கொழும்பிலிருந்து இரவு ரயில் உண்டு, கல்லோயாச் சந்தியில் பாதை பிரியும். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களுக்குக் கூச்சமில்லாமல் கிட்டே வரும், பொலித்தீன் பையோடு எதையும் கொடுக்க வேண்டாம், அவை அதையும் தின்று இறக்கின்றன. மலைக்கு மாலைப் பூசைக்கு ஏறுங்கள். வெல்கம் விகாரைக்கு ஓட்டோக்காரரிடம் பெரியகுளம் என்று சொன்னால் போதும்.